தூரத்தில் நாய் குரைக்கிறது

படம் பார்க்கப் போன இடத்தில் ஜோங்டு தப்பான அரங்குக்குள் நுழைந்துவிட்டார். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அன்று அவர்களுடைய கல்யாண நாள். மனைவி மல்சூன்தான் வற்புறுத்தி கோஹியோன் நகரத்துத் திரையரங்குக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். நாடே பார்த்து அழுகிற கொரியப் படம், பார்க்காவிட்டால் மனுஷ ஜென்மமே இல்லை என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். சுற்றிலும் மூக்கை உறிஞ்சுகிற சமயத்தில் ஜோங்டு, கதாநாயகனின் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவது போன்ற ஒரு முழக்கம் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. மனைவி அழுதால் இதுவும் சோகக் கட்டம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். அதுவும் சலித்துப்போய் கழிவறைக்கு எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது இரண்டு கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார். திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் குதிரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கீழே வெள்ளை எழுத்தில் கொரிய வரிகள் ஓடின. 'நேற்று நீ என்னைத் தள்ளிவிட்டாய், இன்று ஓட்ஸ் கேட்கிறாயா? போய் என் மாமியாரிடம் கேள்.' ஜோங்டு சிரித்தார். அதே நொடியில் அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இருக்கையின் கைப்பிடி வழியாக அவர் முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு பேர் சிரிக்கிற நேரத்தில் தானும் சிரித்தது எப்போது என்று அவருக்கு நினைவே இல்லை. வீட்டிலும் சரி, சாராயக்கடையிலும் சரி, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்து ஒப்புக்குப் பல்லைக் காட்டுவதுதான் வழக்கமாகிப் போயிருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தால், நடைவழியில் மல்சூன் இரண்டு கோட்டுகளையும் கையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நம்ஹி அப்பா! எங்க போய்த் தொலைஞ்சீங்க? மயக்கம் போட்டு விழுந்துட்டீங்களோன்னு காவலாளியைக் கூட்டிக்கிட்டுக் கழிவறை கழிவறையாத் தேடிட்டு வர்றேன்!" நம்ஹி அவர்களுடைய மகள், பூசானில் வேலை பார்க்கிறாள். கணவரிடம் எது பேசினாலும் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, உரக்கப் பேசுவது மல்சூனுக்குப் பழகிப்போன ஒன்று. நடைவழியில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்துல இருந்தேன். குதிரைப் படம்" என்றார் ஜோங்டு.

"கல்யாண நாளும் அதுவுமா என்னைத் தனியா அழ விட்டுட்டு, நீங்க குதிரை பார்த்தீங்களா?"

"புரிஞ்சுது" என்றார் அவர். "எல்லாமே புரிஞ்சுது, நம்ஹி அம்மா."

மல்சூன் திட்ட வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கோஜே தீவில் அவர்கள் ஊரான ஓக்போவில், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர்களில் காது போனவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜோங்டு பிழைத்தது கப்பலின் வயிற்றுக்குள். பற்றவைத்த இரும்புத் தகடுகளின் மேடுபள்ளங்களைத் தேய்த்துச் சமப்படுத்துகிற வேலை. மூடிய இரும்பு அறைக்குள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எந்திரத்தை ஓட்டினால், சத்தம் போக இடமில்லாமல் மண்டைக்குள்தான் வந்து குடியேறும். அந்தக் காலத்தில் காதடைப்பான் எல்லாம் யார் கொடுத்தார்கள்? சிகரெட்டின் பஞ்சு முனையைக் கிள்ளிக் காதில் திணித்துக்கொள்வார்கள். தலைமுடி நரைக்கத் தொடங்கியபோது அவருக்குப் பாதிக் காது போயிருந்தது. ஓய்வு பெற்றபோது மீதியும் போய்விட்டது. காது கேட்கும் கருவி வாங்கிப் பார்த்தார். அது பேச்சைவிட்டுவிட்டுப் பாத்திரச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தது. அலமாரியில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு தேய்ந்துபோனது. சாப்பாடு, கதவு, மருந்து, மழை என்று ஒற்றைச் சொற்களாகக் கத்திக்கொள்வதோடு சரி. ஊர்க்கதை, வம்பு, வெட்டிப்பேச்சு எதையும் கத்திச் சொல்ல முடியாது. வம்பு என்பதே குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டிய ஒன்றாயிற்றே.

குதிரைப் படம் பார்த்ததிலிருந்து ஜோங்டுவுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுப் படங்களுக்குத்தான் கீழே வரி போடுகிறார்கள். கொரியப் படத்தைக் கொரியர்கள் பார்ப்பதற்கு எதற்கு வரி என்று யாரும் போடுவதில்லை. ஆக, அவருக்குப் புரிகிற படம் என்றால் அது ஆங்கிலப் படம்தான். வாடகைக் கடையில் இருந்த குறுந்தகடுகளைப் பார்த்துத் தீர்த்தார். அதற்குள் அடங்காத பழைய படங்களைத் தேடி, நகராட்சி நடத்திய கணினி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அங்கே மற்ற பெரியவர்கள் எல்லாம் சீட்டாட்டம் கற்றுக்கொண்டிருக்க, இவர் படத்துக்கு வரி எங்கே கிடைக்கும் என்று எழுதிக் காட்டிக் கேட்டார்.

கிடைக்காமல் என்ன? ஊர் பேர் தெரியாத மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்திருந்தார்கள். மகள் விட்டுப்போன பழைய கணினியில் ஒவ்வொன்றாக எடுத்துப் படத்தோடு சேர்த்து ஓட்டினார். தலைசுற்றியது. கேள்வி கேட்பதற்கு முன்பே கொலைகாரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். காதலி 'ஆம்' என்று சொன்ன பிறகு காதலன் முழங்காலிட்டான். வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கிற பாணியே இதுதான் போலிருக்கிறது என்று ஜோங்டு கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, பின்னால் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மல்சூன் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினாள்.

"அங்க ஒரு ஆளு செத்துக் கிடக்கிறான். நீங்க என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"ஜோக் சொன்னான்."

"ஜோக்கா? பக்கத்துல நிக்கிற ஆளு இப்ப அழுதுல்ல பேசுறான்!"

ஜோங்டு திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. வரி ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது.

கப்பலில் இரும்புத் தகடுகள் சரியாகப் பொருந்தாமல் நின்றால் இழுத்துவைத்துச் சேர்ப்பது அவருக்குத் தெரிந்த வேலை. இதையும் அப்படித்தான் அணுகினார். சில படங்களில் எல்லா வரிகளும் ஒரே அளவு தள்ளியிருக்கும். மொத்தமாக முன்னாலோ பின்னாலோ நகர்த்திவிட்டால் போதும். சிலவற்றில் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகும். அங்கே நகர்த்தினால் ஆகாது, ரப்பரை இழுப்பது போல முழுவதையும் கொஞ்சம் நீட்டவேண்டும். இதெல்லாம் வகுப்பில் கேட்டும் தானாகத் தடவியும் கற்றுக்கொண்டார். ஆனால் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தானே பொருத்த முடியும்? உதடு தெரிகிற இடங்களில் சமாளித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால், அல்லது இருட்டில் பேசினால், போயிற்று.

"இங்க வந்து உக்காரு" என்றார் மல்சூனிடம்.

"எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"எழுத்து எதுக்கு? உனக்குக் காது இருக்குல்ல? அவன் வாயைத் திறந்ததும் என் கையில ஒரு தட்டு தட்டு. அது போதும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாராவது பேசத் தொடங்கும்போதெல்லாம் அவர் புறங்கையில் ஒரு விரலால் தட்டினாள். அவர் மறு கையால் விசையை அழுத்தினார். முதல் படத்தில் பாதியில் தூங்கிவிட்டாள். இரண்டாவது படத்தில் கதாநாயகி ஏமாந்துபோகிறாள் என்று தெரிந்ததும் கோபத்தில் தட்டு பலமாக விழுந்தது. மூன்றாவது படத்தில், பேச்சே இல்லாத ஓர் இடத்தில் தட்டினாள்.

"யாரும் பேசலையே?" என்றார் ஜோங்டு.

"நாய் குரைக்குது."

"நாயா? எங்க இருக்கு நாயி?"

"திரையில தெரியல. எங்கேயோ தூரத்துல. அதான் அந்தப் பொம்பள விளக்கை அணைச்சுட்டா, பாருங்க."

ஜோங்டு படத்தை நிறுத்தினார். அந்தப் பெண் ஏன் விளக்கை அணைத்தாள் என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை மண்டையை உடைத்துக்கொண்ட காட்சி அது. தெரியாத ஒரு நாய் இத்தனை நாளும் அதற்குள்ளே குரைத்துக்கொண்டிருந்திருக்கிறது!

"வேற என்னெல்லாம் கேக்குது?" என்றார். ஏதோ ஒளித்துவைத்ததைக் கேட்கிற குரலில் கேட்டார்.

மல்சூன் சொல்லத் தொடங்கினாள். படிக்கட்டு கிறீச்சிடுகிறது. பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள். இப்போது பியானோ, ஆனால் தப்புத் தப்பாக வாசிக்கிறார்கள், குழந்தையாக இருக்கும். அவர் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் வரியாகச் சேர்த்தார். 'தூரத்தில் நாய் குரைக்கிறது.' 'படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம்.' அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஒரே நாளில் அத்தனை பேச்சு பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று இருவருமே யோசிக்கவில்லை. தொண்டை கட்டிப்போனதால்தான் மல்சூனுக்கு அது தெரிந்தது.

சரிசெய்த வரிகளை ஜோங்டு இணையத்தில் திரும்பப் போட்டார். பெயர் கேட்டது. 'இரும்புக் காது' என்று போட்டுக்கொண்டார். தனக்குக் காது கேட்காது என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அது அவர் வீம்பு. சில வாரங்களில் நன்றி சொல்லிக் குறிப்புகள் வந்தன. 'என் அப்பாவுக்குக் காது மந்தம். நாய் குரைக்கிறது என்ற வரியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜோங்டு அதை மல்சூனுக்குப் படித்துக் காட்டிவிட்டு, தாழ்வாரத்துக்குப் போய்க் காரணமில்லாமல் செருப்புகளை வரிசைப்படுத்தினார்.

இடி வந்தது வேறு ஓர் இடத்திலிருந்து.

'மழைநத்தை' என்ற பெயரில் ஒருவர் மொழிபெயர்த்துப் போடுவார். ஜோங்டுவுக்கு மிகவும் பிடித்த வரிகள் அவருடையவை. கிழவி பேசினால் கிழவி மாதிரியே இருக்கும், திருடன் பேசினால் திருடன் மாதிரியே இருக்கும். அவருடைய வரிகளில்தான் ஜோங்டு அதிகம் கைவைத்திருந்தார். ஒருநாள் மழைநத்தையிடமிருந்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில், இப்படி வந்தது: 'நான் ராப்பகலாக உட்கார்ந்து எழுதியதில் நாயையும் கதவையும் கொண்டுவந்து நுழைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மாற்றக் கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். உங்களுக்குக் கண் தெரியாதா?'

ஜோங்டுவுக்கு முகம் சுருங்கிப்போனது. பிறர் உழைப்பில் கேட்காமல் கைவைத்தது தப்புதான் என்று அவருக்கே பட்டது. போட்டிருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கணினியின் மேல் துணியைப் போட்டு மூடினார். மறுநாளிலிருந்து வீட்டில் மறுபடியும் சாப்பாடு, கதவு, மருந்து, மழை.

மல்சூன் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தத் துணியை உருவி எறிந்தாள்.

"அந்த நத்தைக்கு ஒரு பதில் எழுதுங்க."

"என்னன்னு எழுத? தப்பு என் பேர்ல."

"தப்புன்னா மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு, ஏன் செஞ்சேன்னும் சொல்லுங்க. காது கேக்காதுன்னு சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல்? நீங்க என்ன திருடியா காதைத் தொலைச்சீங்க?"

"சொன்னா பாவம்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே! நான் இத்தனை வருஷமா அப்படி நினைக்கலையே. உங்களைக் கட்டிக்கிட்ட என்னைத்தான் பாவம்னு நினைச்சேன்."

ஜோங்டு சிரித்துவிட்டார். உட்கார்ந்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். 'மன்னிக்கவேண்டும். கேட்காமல் செய்தது தவறு. எனக்குக் கண் நன்றாகத் தெரியும், காதுதான் கேட்காது. கப்பல் வேலையில் போய்விட்டது. உங்கள் வரிகளால்தான் படம் பார்க்கிறேன். நாய் குரைப்பதை என் மனைவி சொன்னாள். தெரிந்த பிறகு அதைத் தனியாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.' வீட்டுத் தொலைபேசி எண்ணையும் போடச் சொன்னாள் மல்சூன். எதற்கு என்று கேட்டார். "மனுஷங்கன்னா பேசணும்" என்றாள்.

பதிலே வரவில்லை. அவ்வளவுதான் போல என்று விட்டுவிட்டார்கள். மல்சூன் முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டுக் கைநிறைய மிளகாய் விழுதோடு இருந்த ஒரு நாள் தொலைபேசி அடித்தது.

"இரும்புக் காது ஐயா வீடுங்களா?" ஒரு பெண் குரல்.

"அவருக்குக் கேக்காதும்மா. நான் அவர் சம்சாரம். யாரு பேசறது?"

"என் பேரு சுக்யோங். ஜின்ஜுல மருந்துக்கடை வச்சிருக்கேன். வந்து… மழைநத்தைன்னு…"

"ஓ, நத்தையா நீங்க!" என்றாள் மல்சூன். "ஆம்பளைன்னு நினைச்சு உங்களை என்னென்னவோ திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

எதிர்முனையில் சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு தடுமாற்றம். பிறகு சுக்யோங் சொன்னாள்: "அக்கா, நான் மொழிபெயர்த்த படத்தையே சத்தத்தை அணைச்சுட்டுப் போட்டுப் பார்த்தேன். நான் எழுதின வரி, ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒரு இடத்துல அந்த வேலைக்காரி சட்டுனு திரும்பிக் கதவைப் பார்க்கறா. ஏன் பார்க்கறான்னு எனக்கே புரியல. சத்தம் வச்சுப் பார்த்தா யாரோ கதவைத் தட்டறாங்க. பேச்சை எல்லாம் எழுதினேன், தட்டினதை எழுதலையே… கண் தெரியாதான்னு வேற கேட்டுட்டேன். உங்க ரெண்டு பேரையும் நேர்ல வந்து பார்க்கலாமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, குட்டை முடி, மடித்துவைத்தது போன்ற ஒழுங்கான பேச்சு. கையில் சத்து மாத்திரைப் பெட்டி. மல்சூன் சிப்பி போட்ட கஞ்சிச்சோறு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சுக்யோங்கும் ஜோங்டுவும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்ததும் இருவரும் சண்டை போடத் தொடங்கினார்கள்.

"ஐயா, 'காற்று வீசுகிறது'ன்னு எதுக்கு? மரம் ஆடறது கண்ணுக்குத் தெரியுதே!" சுக்யோங் எழுதியும் காட்டினாள், பேசியும் காட்டினாள்.

"மரம் ஆடறது தெரியுது. காத்து ஊளையிடுதா, சும்மா வீசுதான்னு எப்படித் தெரியும்?"

"எல்லாத்தையும் எழுதினா முகத்தை எப்பப் பார்க்கறது? வரியைப் படிச்சே படம் முடிஞ்சிடும்."

அது ஜோங்டுவுக்கு உறைத்தது. அவர் சேர்த்திருந்ததில் பாதி தேவையில்லாதது. கரண்டி விழுந்ததைக்கூட விட்டுவைக்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து கதைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினார்கள். ஓர் இடத்தில் மட்டும் மூவரும் மாட்டிக்கொண்டார்கள். தீவில் தனியாக இருக்கும் ஒரு விதவையின் கதை அது. படம் முழுக்க மழை பெய்துகொண்டே இருக்கும். கடைசியில் ஒரு கணம் மழை நின்றுவிடும். சன்னல் இல்லாத அறை, மழை திரையில் தெரியாது. சத்தம் நிற்பதை எப்படி எழுதுவது? 'அமைதி' என்று போடலாம் என்றாள் சுக்யோங். தனக்கு எப்போதுமே அமைதிதான், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்றார் ஜோங்டு.

மல்சூன் குறுக்கே புகுந்தாள். "'மழை விட்டது'ன்னு போடுங்களேன். நாம அப்படித்தானே சொல்லுவோம்?"

அப்படியே போட்டார்கள்.

அந்தப் படத்தைக் கப்பல் தளத்தில் ஓய்வுபெற்றவர்கள் கூடுகிற சங்க அறையில் போட்டுக் காட்டலாம் என்பது மல்சூனின் யோசனை. ஜோங்டுவோடு அதே இரும்பு அறைகளுக்குள் வேலை பார்த்த கிபோங் போன்றவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கிபோங் நண்பர்கள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். "எல்லாரும் வாயை அசைக்கறாங்க. மீன் தொட்டி முன்னால உக்காந்த மாதிரி இருக்கு" என்பார். ஜோங்டு வீட்டுக்கே போய்ப் பிடித்து இழுத்துவந்தார்.

ஞாயிறு மதியம் அறை நிறைந்துவிட்டது. சுட்ட கணவாய்க் கருவாட்டு வாசனை. மக்கொல்லி என்கிற அரிசிக் கள் நிறைந்த கிண்ணங்கள். ஜின்ஜுவிலிருந்து சுக்யோங்கும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்த குறுந்தகடு கீறலாகிப்போனதால் ஜோங்டு வேறொரு கடையிலிருந்து அதே படத்தை வாங்கிவந்திருந்தார். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படத்தை ஓடவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு கிபோங் திரும்பிப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். படகுக்காரன் பேசவேண்டியதை விதவை பேசிக்கொண்டிருந்தாள். இந்தத் தகடு வேறு பதிப்பு. நடுவில் எங்கேயோ ஒரு காட்சியை வெட்டியிருந்தார்கள். வரிகள் எல்லாம் பின்தங்கி ஓடின. ஜோங்டுவுக்குக் குப்பென்று வியர்த்தது. கணினி முன்னால் போய் உட்கார்ந்தவருக்கு விரல் ஓடவில்லை. திரையில் இருட்டு, ஓர் உதடுகூடத் தெரியவில்லை.

மல்சூன் எழுந்து வந்து அவர் பின்னால் நின்றாள். இத்தனை பேர் முன்னால் கணவனைத் தொடுவதற்கு அவள் தலைமுறைப் பெண்கள் கூசுவார்கள். அவள் கூசவில்லை. தோளில் கையை வைத்தாள். படகுக்காரன் பேசத் தொடங்கியதும் ஒரு தட்டு. ஜோங்டு விசையை அழுத்தினார், வரிகள் கொஞ்சம் முன்னால் வந்தன. விதவை பேசினாள், மறுபடி ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம். பின்வரிசையிலிருந்து சுக்யோங் கையைத் தூக்கி, "இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று கத்தி விரலைக் காட்டினாள். அழுத்தினார். உதடும் எழுத்தும் ஒன்று சேர்ந்தன.

படத்தை விட்டுவிட்டு அறையில் இருந்தவர்கள் எல்லாம் இந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிபோங்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடேங்கப்பா! நாங்க பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினா வலிக்குது. இவனுக்கு மட்டும் படம் ஓடுது!"

கேட்கிறவர்கள் சிரித்தார்கள். அதைப் பார்த்துக் கேட்காதவர்கள் என்ன என்ன என்றார்கள். ஒருவர் மனைவி அடிப்பது போலக் கைவீசி அதை நடித்துக் காட்டினார். மறுபடி சிரிப்பு.

அதன் பிறகு யாரும் அசையவில்லை. 'தூரத்தில் நாய் குரைக்கிறது' என்று வந்தபோது இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விதவை மாட்டுத்தரகனைக் கேலி செய்தபோது அறையே ஒன்றாகச் சிரித்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜோங்டு படத்தைப் பார்க்கவில்லை. வரிசையாக இருந்த தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மழை விட்டது' என்ற வரி வந்த இடத்தில், எவரும் கருவாட்டைக்கூட மெல்லவில்லை.

முடிந்ததும் கிபோங் எழுந்து ஜோங்டுவின் எதிரில் வந்து நின்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்: "வெள்ளைக்காரி கதையெல்லாம் சரிடா. அடுத்தவன் வீட்டுச் சண்டை எல்லாம் எனக்குப் புரியுது, என் வீட்டுச் சண்டை புரியல. நம்ம ஊர்ப் படம் ஒண்ணு போடு."

"நம்ம படத்துக்கு யாரும் வரி எழுதலையேடா."

"நீ எழுது!"

ஜோங்டு உதட்டைப் பிதுக்கினார். கேட்காதவன் எப்படி எழுதுவான்? சுக்யோங் ஏதோ சொல்ல வந்தாள். அதற்கு முன்பே மல்சூன் கருவாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டுச் சொல்றேன். கொரிய மொழி எனக்குத் தெரியாதா என்ன?"

அடுத்த வாரமே தொடங்கிவிட்டார்கள். கிபோங் தேர்ந்தெடுத்த படம், பழைய குடும்பக் கதை. மல்சூன் ஒரு வரியைக் கேட்பாள், படத்தை நிறுத்துவாள், கணவர் பக்கம் திரும்பி வாயை நன்றாகத் திறந்து அதைச் சொல்லுவாள். ஜோங்டு அவள் உதட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். சொல்கிறவள் சும்மா சொல்வதில்லை. கதாநாயகி கெஞ்சினால் கெஞ்சுவாள், மாமியார் உறுமினால் உறுமுவாள். முதல் நாள், "உன்னை நம்பி வந்தேனே, பாவி!" என்று அவள் கண்கலங்கச் சொன்னபோது, தன்னைத்தான் சொல்கிறாளோ என்று ஜோங்டு விரல்களை எடுத்துவிட்டார்.

"எழுதுங்க! நான் இல்ல, அவ சொல்றா!"

"அதானே பார்த்தேன்."

"நானும் சொல்லலாம்தான். அதுக்கெல்லாம் இன்னொரு படம் எடுக்கணும்."

எழுதி முடித்ததைச் சுக்யோங்குக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள். கதாநாயகி சியோலில் பிறந்து வளர்ந்த பணக்காரப் பெண். ஆனால் மல்சூனின் வாய் வழியாக வந்ததில் அவள் படம் முழுக்க கோஜே தீவின் மீன்சந்தைப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் திருத்தி அனுப்பவா என்று கேட்டாள்.

மல்சூன் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் போனாள். திருத்திய வரிகளும் வந்தன. ஜோங்டு இரண்டையும் எடுத்துப்போய், சங்க அறையில் கிபோங்கிடமும் மற்றவர்களிடமும் ஒரு காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார். எது வேண்டும் என்று பலகையில் எழுதிக் கேட்டார்.

"பொண்ணு நம்ம பேச்சுப் பேசறதே இருக்கட்டும்" என்றார் கிபோங். "அப்பத்தான் அவ அழுதா எனக்கும் அழுகை வருது. இணையத்துல போடறதுக்கு வேணும்னா அந்த மருந்துக்கடைப் பொண்ணு எழுதினதைப் போடு."

அப்படியே முடிவானது. மாதத்தின் கடைசி ஞாயிறு சங்க அறையில் கொரியப் படம். கிபோங்கின் மனைவியும் வரத் தொடங்கினாள். பிறகு காது நன்றாகக் கேட்கிற பெண்கள் எல்லாம் கணவர்களோடு வந்து, வரியைப் படித்துக்கொண்டே, "அவ அப்படியா சொன்னா? இல்லியே!" என்று மல்சூனோடு வம்புக்கு நின்றார்கள். மல்சூன் விட்டுக்கொடுப்பதில்லை. ஜோங்டு நடுவில் உட்கார்ந்து, யார் பக்கம் திரும்பி யார் உதட்டைப் படிப்பது என்று தெரியாமல், படத்தை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒருநாள் அப்படி நிறுத்தியபோது கிபோங் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அவங்க சண்டை முடியாது. நீ படத்தை ஓட்டு!"